கார் ஆலையில் விமானம்

கேள்வி: அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியதுக்கு அப்புறம் அமெரிக்கக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை மாறியதா? போர்க்களம் எங்கோ தூரத்தில்தானே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: களம் தூரம்தான், ஆனால் போர் சமையலறை வரை வந்துவிட்டதே! 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே நின்றுபோனது. ஃபோர்டின் வில்லோ ரன் ஆலையில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள், உச்சத்தில் மணிக்கு ஒன்று வீதம்! உலோகத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்தவர்களில் பெண்கள் ஏராளம். மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன், நவம்பரில் காபிக்கும். (என்னால் முடிந்திருக்காது, சாமி!) பெட்ரோல் ரேஷன் முக்கியமாக டயர் தேயாமல் இருக்கத்தான், ரப்பர் தந்த மலாயா ஜப்பானிடம் போயிருந்தது. சரி, இதையெல்லாம் தியாகம் எனலாம். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்ததை என்னவென்பது? பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 1988-ல்தான்.