பதில்: ஆழியாறு முதல் வால்பாறை வரையிலான மலைப்பாதை

வணக்கம் ஐயா. வளைவுகளில் தலைசுற்றலால் அவதிப்படும் தங்கள் தாயாரைப் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அழைத்துச் செல்ல வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி, மலக்கப்பாறை வழியாக ஒரு பாதை உண்டு. ஆனால் அது நீண்ட காட்டுப்பாதை என்பதால் அவருக்கு அதைவிட ஆழியாறு வழியே மேல்.

ஆழியாறு அணையைக் கடந்ததும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய தோட்டக்காரர்கள் ஆனைமலையில் காடு திருத்திப் பயிரிட்ட காலத்தோடு தொடர்புடையவை. பாதை அமைத்த லோம் என்பவரின் பெயரால்தான் ஒன்பதாவது வளைவிலுள்ள காட்சிமுனை 'லோம்ஸ் வியூ' எனப்படுகிறது. அங்கே கட்டாயம் இறங்குங்கள். கீழே அணைநீர் விரிந்து கிடக்கும், தடுப்புச்சுவரை ஒட்டியே வரையாடுகள் அச்சமின்றி மேய்வதையும் காணலாம். தயவுசெய்து அவற்றுக்குத் தின்பண்டம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

தாயாரை முன் இருக்கையில் அமர்த்தி, சாலையை நேராகப் பார்த்து வரச் சொல்லுங்கள். அடுத்த ஓய்வை அட்டகட்டியில் வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.