பூனைச் சண்டைக்குக் கடையில் தீர்வு உண்டா?

போன மாதம் ஒரு வாசகிக்கு, வீட்டுக்குள் அடித்துக்கொள்ளும் இரண்டு பூனைகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த வாரப் பகுதியை நிறைத்துவிட்டன. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ‘ஏழே நாளில் பூனைகள் சமாதானம்’ என்ற விளம்பரத்தை நம்பி, பிளக்கில் மாட்டும் டிஃப்யூசர் ஒன்றை ஆன்லைனில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். வீடு முழுக்க லாவெண்டர் வாசனை வருகிறது, சண்டை குறையவில்லை. பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். – கோவை வாசகி

பதில்: முதலில் அதைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். லாவெண்டர், யூகலிப்டஸ், டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. மூடிய அறையில் இரவு பகலாக அது ஆவியாகிக்கொண்டிருந்தால் பூனைக்குக் கெடுதல். எச்சில் ஒழுகினாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

நானும் இப்படி ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். இரண்டாம் நாளே எங்கள் வீட்டுப் பூனைகளில் பெரியவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த அறை வாசலோடு திரும்பிப் போனாள். சண்டை இல்லாததைப் பார்த்து, பொருள் வேலை செய்கிறது என்று நினைத்துவிட்டேன். அவள் அந்த அறைக்கே வருவதில்லை என்பது நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

உண்மையான ஃபெரோமோன் டிஃப்யூசர் வேறு. ஃபெரோமோன் என்பது பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் ரசாயனம். நாற்காலிக் காலில் பூனை கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போகிறதே, அப்போது ஒட்டும் ரசாயனத்தைப் போலச் செய்தது ஒரு வகை. பால் கொடுக்கும்போது தாய்ப்பூனையின் மடிப்பக்கத்தில் சுரப்பதைப் போலச் செய்தது இன்னொரு வகை. புது வீட்டுப் பயத்துக்கும் சுவரில் சிறுநீர் தெளிப்பதற்கும் முதல் வகை, பூனைகளுக்குள் சண்டை என்றால் இரண்டாவது வகை. ஒரே பெயரில் இரண்டும் விற்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். ஒரு குப்பி ஏறக்குறைய ஒரு மாதம் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும். நம் மூக்குக்கு ஃபெரோமோன் தெரியாது, அதனால் பூ வாசனை தூக்கலாக அடித்தாலே சந்தேகப்படுங்கள். நல்ல பொருள்கூடச் சில வீடுகளில்தான் பலன் தருகிறது. ஏழு நாள் கணக்கை நேர்மையான எந்தத் தயாரிப்பாளரும் சொல்ல மாட்டார்.

இனி பணம். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் எல்லாம் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன குணம் பொருளில் இல்லை என்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பிரித்த பொருளுக்கும் இது பொருந்தும். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சண்டைக்கார ஆண் பூனையின் கழுத்தில் மணி கட்டினால் மற்றது உஷாராகும் என்கிறார்கள். எந்த மணி நல்லது? – சேலம்

பதில்: எதுவும் வேண்டாம். அந்தக் காசைக் கருத்தடைக்குச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: நாலு வயதுப் பூனை தனியாக இருக்கிறதே என்று, ஒரு பாரசீகப் பூனைக்குட்டியை 12,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று மாதக் குட்டி, தடுப்பூசி போட்டாயிற்று என்றார் விற்றவர். பல்லைப் பார்த்த டாக்டர், வாங்கியபோது ஆறு வாரம்தான் இருந்திருக்கும் என்கிறார். குட்டி விடாமல் பாய்ந்து கடிக்கிறது, பெரிய பூனை அலமாரி மேலிருந்து இறங்குவதே இல்லை. பில் கிடையாது. விற்றவர் எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். – மதுரை

பதில்: உங்களை ஏமாற்றிய விதம்தான் உங்கள் வீட்டுச் சண்டைக்கும் காரணம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பூனைக்குட்டி கடிக்கும் அளவைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாய் ஒரு தட்டு தட்டும். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம்வரை இந்தப் படிப்பு தீவிரமாக நடக்கும், அதற்குப் பிறகும் தொடரும். அதனால்தான் பொறுப்பாக வளர்ப்பவர்கள் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கையை விட்டு அனுப்புவதில்லை. ஆறு வாரத்திலேயே பிரித்து விற்றால், வாங்குபவர் கைக்கு வருவது பாதிப் படிப்பில் நின்றுபோன குட்டி. பெரிய பூனை காதை மடக்கிச் சீறுவதற்கு ‘போதும்’ என்று பொருள். அது இந்தக் குட்டிக்குப் புரியாது. இன்னும் ஆறு வாரம் தீனி போட்டு, மணல் மாற்றி, இரண்டு தடுப்பூசி போடும் செலவை மிச்சம் பிடிக்க, விற்பவர் அந்தக் குட்டியின் படிப்பையே பறித்துவிடுகிறார். இன்ஸ்டாகிராமில் அழகான படம் போட்டு, மூன்று மாதம் என்று வாய் கூசாமல் எழுதுகிறார். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்? 400 ரூபாய் மிக்ஸி ஜாருக்கு பில் கேட்கிறோம். பதினைந்து வருஷம் நம்மோடு இருக்கப்போகும் உயிருக்குக் கேட்பதில்லை. இதைப் பலமுறை எழுதியாயிற்று, இன்னமும் எழுதுவேன்.

‘தனியாக இருக்கும் பூனைக்குத் துணை’ என்பதும் விற்பதற்காகச் சொல்லும் வார்த்தை. நாலு வருஷம் வீட்டைத் தன்னுடையதாக வைத்திருந்த பூனைக்கு, திடீரென்று வந்த குட்டி அத்துமீறி நுழைந்த ஆள்தான்.

பில் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அந்த விளம்பரம் மூன்றும் சாட்சி. குட்டியின் வயதை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொழிலாகக் குட்டி விற்பவர் என்பதைக் காட்ட அவருடைய பழைய பதிவுகளையும் படம் எடுத்து வையுங்கள், அழித்துவிடுவார். நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவே அனுப்பலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது: குட்டியைத் தனி அறையில் வையுங்கள். பாரசீகக் குட்டிகளிடம் படர்தாமரை சாதாரணம், டாக்டர் தோலையும் பார்க்கட்டும். ஒரு பழைய துண்டைக் குட்டி மேல் தடவிப் பெரியதன் பக்கத்திலும், பெரியதைத் தடவிய துண்டைக் குட்டியின் பக்கத்திலும் போடுங்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம். நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கதவை ஒரு விரல்கடை திறங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். குட்டியின் வேகத்தைத் தினமும் குச்சியில் கட்டிய இறகோடு ஓடவிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா தங்கைப் பூனைகள், ஒன்றாக வளர்ந்தவை. ஒன்றுக்குக் கருத்தடை செய்து கூட்டிவந்தோம், மற்றது அதைக் கிட்டவே விடவில்லை. பயிற்சியாளர் ஒருவர் ஆன்லைன் வகுப்புக்கு 6,000 கேட்கிறார். – திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். வந்தவளிடம் ஆஸ்பத்திரி வாசனை, அதனால் மற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் தனி அறையில் வைத்து, தையலை நக்காமல் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருந்தவள் படுத்த துணியை வந்தவளுக்குப் போடுங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

கேள்வி: இரண்டு பூனைக்கும் சேர்த்து 3,500 ரூபாயில் மூடி போட்ட லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) வாங்கினேன். ஒன்று மட்டும் மெத்தையில் போகிறது. மெத்தைக்கு என்ன கவர் வாங்கலாம்? – சென்னை, வேளச்சேரி

பதில்: கவர் வாங்கினால் கவரில் போகும். மூடி போட்ட பெட்டிக்கு வாசல் ஒன்றுதான். எங்கள் வீட்டில் பெரியவள் உள்ளே போனதும் சின்னவன் வாசலில் குந்திக்கொள்வான், வால் நுனி மட்டும் ஆடும். அவள் மணலைத் தள்ளும் சத்தம் நின்றதும் பாய்வான். ஒரு வாரத்தில் அவள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போக ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெட்டிக்கு நானும் கணிசமாகச் செலவழித்திருந்தேன், மூடியைக் கழற்ற மனம் வராமல் இன்னொரு மாதம் அவளைத் தவிக்கவிட்டேன். பிறகு பிளாஸ்டிக் கடையில் அகலமான தொட்டி இரண்டு வாங்கி, வேறுவேறு அறையில் வைத்தேன். மூடி கழற்றிய பழைய பெட்டியோடு மூன்று. டிரம்முக்குப் பின்னால் போவது நின்றது.

பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று உபரி என்பது கணக்கு. மூன்றையும் வரிசையாக ஒரே இடத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் தண்ணீரையும் இப்படியே பிரித்து வையுங்கள். இதற்கு முன்னால் ஒன்று: மெத்தையில் போகும் பூனைக்குச் சிறுநீர்த் தொந்தரவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் சொட்டுகூட வராவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நகத்தையே எடுத்துவிட எந்த ஆஸ்பத்திரியில் செலவு குறைவு? – ஊர் வேண்டாம் என்றிருக்கிறார்

பதில்: எங்கேயும் செய்யக் கூடாது. நகத்தோடு விரலின் கடைசி எலும்பையும் வெட்டுவது அது. நக முனையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: கடிபட்ட பூனைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டுப் பாரசிட்டமால் பாதி கொடுத்தோம். மேலே தடவ என்ன கிரீம் வாங்கலாம்? – திருநெல்வேலி

பதில்: இது அச்சாகும்வரை காத்திருக்க முடியாது என்று கடிதம் வந்த நாளே இவருக்குப் பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். பாரசிட்டமால் பூனையைக் கொல்லும், பாதி மாத்திரையே போதும். கொடுத்துவிட்டால் ஈறு நிறம் மாறும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஓடுங்கள். பூனைக்கு மருந்து சொல்லும் படிப்பு மருந்துக்கடைக்காரருக்குக் கிடையாது. கேட்டது உங்கள் தவறு, சொன்னது அவர் தவறு, அனுபவிப்பது பூனை. கடித்த இடம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும், இரண்டு மூன்று நாளில் வீங்கும். கிரீம் அங்கே எட்டாது. சீழை எடுத்து ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். சண்டையை விலக்கப்போய் உங்களுக்கும் கடிபட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நீங்களும் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஆண் பூனைகள் இரண்டுக்கும் கருத்தடை செய்ய ஓரிடத்தில் தலைக்கு 1,500, இன்னோரிடத்தில் 4,500 சொல்கிறார்கள். அதிகம் கேட்பவர் ஏமாற்றுகிறாரா? – தாம்பரம்

பதில்: விலையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. முன்கூட்டி ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, வலி மருந்து, புண்ணை நக்காமல் தடுக்கும் கழுத்துப் பட்டை, திரும்பக் காட்டும் கட்டணம் எதெல்லாம் சேர்த்தி என்று இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள். வலி மருந்து கணக்கிலேயே இல்லாத இடத்தை விட்டுவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது. அறுவை முடிந்த மறுநாளே சண்டை நிற்காது, ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய் ஒரே நாளில் கூட்டிவாருங்கள், திருச்சிக்காரருக்கு வந்த தொல்லை உங்களுக்கு வராது.