நவம்பரில் ஓட்டு வீண் என்கிறீர்கள், மார்ச்சில் எங்கே போனீர்கள்?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்துக்காரன் நான். பல ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில், இப்போது மவுண்டன் வியூவில் இருக்கிறேன். 2023இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். ஊரில் இருந்தவரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை. எங்கள் பக்கத்து இராதாபுரம் தொகுதியில் 2016இல் 49 ஓட்டில் வெற்றி தோல்வி முடிவானது. அங்கே ஓட்டுக்கு மரியாதை உண்டு. இங்கோ, நான் போட்டாலும் ஜனநாயகக் கட்சிதான், போடாவிட்டாலும் ஜனநாயகக் கட்சிதான், எதிர்த்துப் போட்டாலும் ஜனநாயகக் கட்சிதான். அதனால் 2024இல் தபாலில் வந்த இரண்டு வாக்குச்சீட்டு உறைகளையும் நான் பிரிக்கவில்லை. கடைக் கூப்பன்களோடு சமையலறை மேடையில் கிடந்து, குப்பைக்குப் போயின. மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். "எனக்குக் கிடைக்காததை நீங்கள் குப்பையில் போடுகிறீர்கள்" என்று சண்டை பிடிக்கிறாள். "அவ்வளவு ஆசையென்றால் அடுத்த முறை நீயே நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிடு" என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சொன்னதில் என்ன தவறு? அதிபர் பதவிக்கு நிற்கும் யாரையும் பிடிக்காதவன் என்னதான் செய்வது?
– பெயர் வேண்டாம், மவுண்டன் வியூ

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து விஷயத்தை முடித்துவிடுவோம். விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் அங்கே கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். உங்கள் மனைவியின் குடியுரிமை விண்ணப்பம் கெடும், நாட்டைவிட்டு அனுப்பப்படும் நிலைகூட வரலாம். உங்கள் பெயரில் வேறொருவர் கையெழுத்திடுவது தனிக் குற்றம். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைக் கோப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கவுண்டி அலுவலகம் உறையைப் பிரிக்கிறது. சீட்டை மேசையில் விரித்துவைத்து இருவரும் விடிய விடியப் பேசுங்கள், வாக்குவாதம் செய்யுங்கள், அதற்குத் தடையில்லை. பேனா மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி உங்கள் வாதம். அதில் பாதி சரி. அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை. கலிஃபோர்னியா கடைசியாகக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரை ஆதரித்தது 1988இல். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்கள். மாநிலத்தில் முந்துகிறவருக்கே அவர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள், 2024 கணக்கில் 54 பேர். 2020இல் டிரம்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம் எது தெரியுமா? டெக்சாஸ் இல்லை, உங்கள் கலிஃபோர்னியாதான், 60 லட்சத்துக்கு மேல். அதற்கு ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. வென்ற கட்சிக்கும் மிதமிஞ்சிய ஓட்டால் பயனில்லை. 2016இல் ஹிலாரி கிளிண்டன் உங்கள் மாநிலத்தில் மட்டும் 42 லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். நாடு முழுவதும் கூட்டினால் அவர் முந்தியது சுமார் 29 லட்சம். ஆனாலும் அதிபரானவர் டிரம்ப். இந்த ஏற்பாடு நியாயமானதென்று நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் அதிபர் வரி அந்தச் சீட்டின் முதல் வரி மட்டும்தான். அதை நினைத்து நீங்கள் மொத்தச் சீட்டையும் குப்பையில் போட்டீர்கள். போதாததற்கு நவம்பர் உறையோடு மார்ச் உறையும் போயிருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல் அந்த மார்ச் உறையின் மேல்தான்.

2024 மார்ச் 5 அன்று உங்கள் மவுண்டன் வியூ அடங்கிய 16ஆவது காங்கிரஸ் தொகுதியில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதியில், நடந்ததைச் சொல்கிறேன். 1993 முதல் காங்கிரஸில் இருந்த அன்னா எஷூ மறுபடி நிற்கவில்லை. காலியான இடத்துக்குப் பெரிய கூட்டம் போட்டியிட்டது. கலிஃபோர்னியாவில் 2010இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஒரு முறை இருக்கிறது. நவம்பர் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைச் சலித்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில், காங்கிரஸ், மாநிலப் பதவிகளுக்கு, எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பட்டியலில் வருவார்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். அன்று முதலிடம் சான் ஹோசேயின் முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோவுக்கு. இரண்டாம் இடத்துக்கு ஜோ சிமிடியன் வாங்கியது 30,249. இவான் லோ வாங்கியதும் 30,249.

தட்டச்சுப் பிழை இல்லை, இருவருக்கும் அதே எண்தான். அப்படிச் சமமாக வந்தால் மூவருமே நவம்பருக்குப் போகலாம் என்பது விதி. பிறகு மறு எண்ணிக்கை கேட்கப்பட்டது. எண்ணி முடித்தபோது லோ 5 ஓட்டு முன்னால் நின்றார், சிமிடியன் வெளியேறினார். நவம்பரில் லிக்கார்டோ லோவைத் தோற்கடித்துக் காங்கிரஸுக்குப் போனார். மூவரும் ஜனநாயகக் கட்சிதான். இராதாபுரத்து 49ஐ இத்தனை ஆண்டு கழித்தும் மறக்காமல் எழுதுகிற நீங்கள், சொந்தத் தொகுதியில் 5 ஓட்டில் ஒருவர் வெளியேறியபோது உறையைக்கூடப் பிரிக்காமல் இருந்திருக்கிறீர்கள்.

ஐந்து ஓட்டில் முடிவது அபூர்வம்தான். ஒவ்வொரு முறையும் உங்கள் ஒற்றை ஓட்டு உலகத்தைப் புரட்டும் என்று நான் சொன்னால் அது பொய். நான் சொல்ல வருவது, ஒரு கட்சியின் கோட்டையில் உண்மையான போட்டி எங்கே நடக்கிறது என்பதைப் பற்றி. நம்மூரில் தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதை அறிவாலயத்திலோ இராயப்பேட்டையிலோ முடிவு செய்கிறார்கள். விருப்ப மனு, நேர்காணல், பட்டியல், அதிருப்தி, சாலை மறியல் எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம் வாக்காளரிடம் வருகிறது. கலிஃபோர்னியாவில் அந்த நேர்காணல் அறையிலேயே உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவரும் காங்கிரஸ், ஆளுநர், மாநிலச் சட்டமன்ற முதல்நிலைத் தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அதிபருக்கான முதல்நிலைத் தேர்தலுக்கு மட்டும் கட்சி விதிகள் வேறு. அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போட்டவர்கள், பதிவு செய்தவர்களில் சுமார் 35 சதவீதம். நவம்பரில் 71. போட்டி கடுமையாக இருந்த நாளில் ஆள் பாதி. வந்தவருடைய ஓட்டுக்கு எடை இரட்டிப்பு.

"எவன் வந்தாலும் அதே கட்சிதானே" என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் காங்கிரஸில் இருந்த மைக் ஹோண்டாவை எதிர்த்து அதே கட்சியின் ரோ கன்னா 2014இல் நின்று சுமார் மூன்றரை சதவீத வித்தியாசத்தில் தோற்றார். 2016இல் மறுபடி நின்று பெரிய வித்தியாசத்தில் வென்றார். இரண்டு முறையும் நவம்பர் சீட்டில் இருந்த இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்களே. அதே போல 2022இல் ஃபிரீமாண்ட் பக்கத்து மாநில செனட் இடத்துக்கு ஆயிஷா வஹாபும் அந்த ஊர் மேயர் லில்லி மேயும் மோதினார்கள், அதுவும் ஒரே கட்சிக்குள். வென்ற வஹாப்தான் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளிலும் நிறைவேறியது, 2023 அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் அதை நிராகரித்தார். அந்த மசோதாவை ஆதரித்தும் எதிர்த்தும் இந்தியக் குடும்பங்கள் எப்படிப் பிளந்து நின்றன என்பது அங்கேயே இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த விவாதமே வேறு விதமாக இருந்திருக்கலாம்.

கோட்டை என்கிறீர்களே, கோட்டைச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே உயரம் இல்லை. 2010இல் கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத் தலைமை வழக்கறிஞர், பதவிக்கு நின்றார். திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரம் கோயிலில் அர்ச்சனை எல்லாம் அதற்கு வெகுகாலம் பிறகு. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கூலி தேர்தல் இரவிலேயே வெற்றி பெற்றுவிட்டதாக அறிவித்துவிட்டார். தபால் ஓட்டுகளை எண்ண எண்ண நிலைமை மாறி, மூன்று வாரம் கழித்து அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதிவான 90 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அன்று கமலா தோற்றிருந்தால் பிறகு செனட்டும் துணை அதிபர் பதவியும் வந்திருக்குமா என்பது சந்தேகம். 2024இல் மத்தியப் பள்ளத்தாக்கின் 13ஆவது காங்கிரஸ் தொகுதியைக் குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சி பறித்தது 187 ஓட்டில். அதற்கு முந்தைய தேர்தலில் அதே இருவர் மோதியபோது முடிவு 564 ஓட்டில் மறுபக்கம்.

இன்னும் சீட்டின் அடிப்பாகத்துக்கு வரவில்லை. அங்கேதான் எனக்கு உங்கள் மாநிலத்தின் மேல் பொறாமை. சட்டத்தையே மக்களிடம் கேட்கிறார்கள். 2020 நவம்பரில் பைடனுக்கு 63 சதவீதம் கொடுத்த அதே மக்கள், அதே சீட்டில் 16ஆம் முன்மொழிவை 57 சதவீதம் எதிர்த்துத் தோற்கடித்தார்கள். கல்லூரி அனுமதியிலும் அரசு வேலையிலும் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற 1996 தடையை நீக்கும் முன்மொழிவு அது. சட்டமன்றத்தில் அதை நிறைவேற்றி மக்கள் முன் வைத்ததே ஜனநாயகக் கட்சிதான். பிள்ளைகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் கனவு காணும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது சம்பந்தமில்லாத சங்கதியா? 2024இல் திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டும் 36ஆம் முன்மொழிவை ஆளுநர் நியூசம் எதிர்த்தார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் ஆதரித்துவிட்டார்கள். 2025 நவம்பரில் காங்கிரஸ் தொகுதி எல்லைகளைத் தங்களுக்குச் சாதகமாக மாற்ற ஆளும் கட்சி நினைத்தபோது, தன் எல்லைகளை மாற்றிய டெக்சாஸுக்குப் பதிலடி என்று சொல்லிக்கொண்டு அதையும் மக்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. மக்கள் சம்மதித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, சுதந்திரமான ஆணையம் வரைந்த எல்லைகளை எந்தக் கட்சி ஒதுக்கி வைத்தாலும் பிடிக்காது. ஆனால் கேட்டார்கள், கேட்டே ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஒரு பள்ளி மாவட்டம் வீட்டுமனைகள் மீது பார்சல் வரி போட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவின் வேலை இது. 66 சதவீதம் பேர் சரி என்றாலும் தோல்விதான். அதாவது ஒருவர் போடும் "வேண்டாம்", இரண்டு பேரின் "வேண்டும்" என்பதை அடித்துவிடும். பள்ளிக் கட்டடக் கடன் பத்திரத்துக்கு 55 சதவீதம் போதும். நீங்கள் வரி கட்டும் வீட்டுக்காரரோ, பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் அப்பாவோ, இரண்டுமோ, எதுவாக இருந்தாலும் இந்த வரியில் உங்கள் ஓட்டுக்கு எந்தக் கட்சியின் கோட்டையும் குறுக்கே நிற்கவில்லை. பள்ளி வாரியம், நகர மன்றம் இவற்றுக்கு நிற்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கட்சியே போட்டிருக்காது.

அத்தனையையும் படிக்க நேரம் ஏது என்பீர்கள். மாநிலம் அனுப்பும் வாக்காளர் வழிகாட்டி தடிமனாகத்தான் இருக்கும். முழுவதையும் படிக்காதீர்கள். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஆதரவு வாதமும் எதிர்ப்பு வாதமும் அடுத்தடுத்து அச்சிட்டிருப்பார்கள். அடியில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும். செலவு எவ்வளவு என்று கணிக்கும் பகுதியை ஒருமுறை படியுங்கள். மீதியை உங்கள் மனைவியிடம் விடுங்கள். ஓட்டில்லாதவர் உங்களைவிடக் கவனமாகப் படிப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டளையிடும் தொனியில் கேட்காமல், "இதில் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள், பேச்சும் திரும்பும். அவரது குடியுரிமை விண்ணப்பத்துக்குக் காலம் கனிந்துவிட்டதா என்பதையும் அப்படியே பாருங்கள். கனிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சண்டையில் என் ஆதரவு உங்களுக்கு.

முதல்நிலைத் தேர்தல் அதிபர் தேர்தல் ஆண்டில் மார்ச்சில் வரும், மற்ற இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூனில். உறைக்கு அஞ்சல் தலை வேண்டாம். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழும்படி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். தபாலை நம்பாதவர் ஊரில் இருக்கும் பெட்டியில் நேராகப் போட்டுவிடலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி, அதிபர் வேட்பாளர் யாரையும் பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அந்த வரியைக் காலியாக விட்டுவிடுங்கள். சீட்டு செல்லாததாகிவிடாது, நிரப்பிய மற்ற வரிகள் எல்லாம் எண்ணப்படும்.