கம்பனிக் காசோலையும் கட்சி நிதியும்

தம்பி, நீங்கள் இரண்டு விடயங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் மைத்துனருடன் சேர்ந்து நடத்தும் அச்சகத்தின் கம்பனிக் காசோலையை, நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் ஒருவரின் நிதி சேகரிப்புக்குக் கொடுக்கலாமா என்பது ஒன்று. பகலில் வேலை செய்யும் தொழிற்சாலையில் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் சங்கச் சந்தா ஏதாவது கட்சிக்குப் போகிறதா என்பது மற்றது. கனடாவின் மத்திய தேர்தல் சட்டப்படி, கட்சிக்கோ வேட்பாளருக்கோ நன்கொடை கொடுக்கக்கூடியவர்கள் குடிமக்களும் உங்களைப் போல நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் மட்டுமே. கம்பனியும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெரிய நிறுவனங்கள் லிபரல், கன்சர்வேட்டிவ் கட்சிகளுக்கும், தொழிற்சங்கங்கள் 1961இல் கனடியத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் துணையோடு பிறந்த என்.டி.பி. என்னும் புதிய ஜனநாயகக் கட்சிக்கும் பணம் கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. கியூபெக் மாகாணம் 1977இலேயே அதை நிறுத்தியது. மத்தியில் பிரதமர் ஜோன் கிரெட்டியன் கொண்டுவந்து 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வேட்பாளர்களுக்கும் கட்சிகளின் தொகுதிச் சங்கங்களுக்கும் ஆண்டுக்கு 1,000 டொலர் என்ற சிறு வாசலைத் திறந்துவைத்திருந்தது. 2007இல் பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதையும் அடைத்தது. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் தேர்தல் சட்டத்தில் 2017 வரும்வரை ஒரு கம்பனி ஒரு கட்சிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டொலர் சட்டப்படியே கொடுக்க முடிந்தது. “நாங்கள் எப்போதும் கம்பனிக் காசோலைதான் கொடுத்தோம்” என்று உங்களிடம் சொன்ன பெரியவர் அந்தக் காலத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அச்சகக்காரர் என்பதால் நீங்கள் கவனிக்க வேண்டியது காசோலையை மட்டுமல்ல. வேட்பாளரின் துண்டுப்பிரசுரங்களை “நம்ம ஆள்தானே” என்று பாதி விலைக்கு அடித்துக் கொடுத்தால், குறைத்த மீதித் தொகை உங்கள் கம்பனி கொடுத்த நன்கொடையாகவே கணக்கிடப்படும். பில்லைக் கொடுத்துவிட்டுப் பிறகு பணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் அப்படித்தான். மற்ற வாடிக்கையாளரிடம் வாங்கும் அதே விலையைப் போட்டு, வேட்பாளரின் உத்தியோகபூர்வ முகவரிடம் முழுப் பணத்தையும் வாங்குங்கள். ஓய்வு நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் வழக்கமாகக் காசு வாங்கிச் செய்யும் வடிவமைப்பு வேலையை இலவசமாகச் செய்துகொடுத்தால் சட்டம் அதைத் தொண்டாகப் பார்ப்பதில்லை.

வேலையாட்களின் பெயரில் கொடுக்கவைத்துவிட்டு, அந்தப் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எஸ்.என்.சி.-லவலின் என்ற பெரும் பொறியியல் நிறுவனம் 2004 முதல் 2011 வரை இப்படித்தான் 1,17,000 டொலருக்கும் மேல், பெரும்பகுதியை லிபரல் தரப்புக்கு, அனுப்பியது பின்னர் வெளியாகி, அதன் முன்னாள் உயரதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கொடுக்க விருப்பமென்றால் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கொடுங்கள். ஒரு கட்சிக்கு 2025இல் உச்சவரம்பு 1,750 டொலர். ஆண்டுதோறும் அது 25 டொலர் கூடும். வேட்பாளர்களுக்கும் தொகுதிச் சங்கங்களுக்கும் தனியாக அதே அளவு வரம்பு உண்டு. 20 டொலருக்கு மேல் காசாகக் கொடுக்கக் கூடாது. வரிப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிவையுங்கள், ஏனெனில் 400 டொலர் கொடுத்தவருக்கு மத்திய வருமான வரியில் 300 டொலர் குறையும். 

சங்கச் சந்தாவும் கட்சிக்குப் போக முடியாது. ஆனால் சங்கமும் சரி, கம்பனியும் சரி, கட்சியோ வேட்பாளரோ அல்லாத ‘மூன்றாம் தரப்பாக’ப் பதிவுசெய்து, வரம்புக்குள் தம் சொந்தப் பெயரில் தேர்தல் விளம்பரம் செய்யலாம். என் பார்வையில் சட்டத்தின் பெரிய இடைவெளி இதுதான். ஆனால் அதை அடைப்பதும் எளிதல்ல. ஒன்ராறியோ அரசு மூன்றாம் தரப்பு விளம்பரங்களுக்கான 6,00,000 டொலர் வரம்பைத் தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதங்களிலிருந்து ஓராண்டுக்கு நீட்டியபோது தொழிற்சங்கங்கள் ஆதரித்த கூட்டணி வழக்குத் தொடுத்தது. 2025 மார்ச்சில் கனடாவின் உச்ச நீதிமன்றம், அது மக்களின் வாக்குரிமையைப் பாதிக்கிறது என்று கூறி அந்த ஏற்பாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் சந்தாவில் ஒரு பகுதி விளம்பரத்துக்குப் போகக்கூடும். உறுப்பினர் என்ற முறையில் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.