வில்லுக்கு வாங்கிய கட்டையில் வெடிப்பு: திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: ஒரே மரத்தில் வில் செய்ய, ‘நன்றாக உலர்ந்தது’ என்று விளம்பரம் செய்திருந்த பிளந்த கட்டை ஒன்றை வாங்கினேன். முனையில் நான்கு அங்குல வெடிப்பு, இடையில் இரண்டு கணுக்கள், ஓரத்தில் பூச்சித் துளைகள். ‘மரம் என்றால் அப்படித்தான்’ என்கிறார் விற்றவர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்திருந்தால், அது நீங்கள் எழுதாத ஒன்றில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

வெடிப்பின் நீளத்தைப் பார்க்காதீர்கள், திசையைப் பாருங்கள். நாரோடு நீளவாக்கில் ஓடி நின்றுவிட்டால் பயமில்லை. கட்டையில் நீளம் மிச்சமிருந்தால் அறுத்து எறியுங்கள். இல்லையேல் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை உள்ளே இறக்கி, நூலால் இறுகச் சுற்றுங்கள். சாய்ந்து ஓடிப் பக்கவாட்டில் வெளியேறும் வெடிப்பு ஆபத்தானது. குறுக்கே மயிரிழை அளவு முறிவுக் கோடு தெரிந்தாலும் அது விறகுதான்.

கணுவுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் முதுகுப்புறம் இழுபடும். உங்களைப் பார்க்கும் வயிற்றுப்புறம் நெரிபடும். அதனால் முதுகில் ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் இருக்க வேண்டும். கணு உள்ள இடத்தில் அந்த வளையம் மேடிட்டு நிற்கும். அதை இழைத்துச் சமமாக்கக் கை துறுதுறுக்கும், எனக்கும் துறுதுறுத்ததுண்டு. விட்டுவிடுங்கள்; சுற்றிலும் அகலத்தையும் சற்றுக் கூட்டி வையுங்கள். வளையாத பிடிப்பகுதியில் கணு விழுந்தால் கவலையே இல்லை. ஓரத்தில் விழுந்தால் கட்டைமேல் வரையும் வில்லின் வரைபடத்தையே நகர்த்திப் பாருங்கள்.

பூச்சித் துளை வெளிறோடு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரப்பகுதியோடு, நின்றிருக்கிறதா? ஓசேஜ் ஆரஞ்சு போல வெளிறைச் செதுக்கி நீக்கும் மரமானால் துளையும் அதோடு போய்விடும். நகத்தால் அழுத்திப் பள்ளம் விழுந்தால் மரம் உளுத்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்.

இனி அந்த ஒன்று: ஈரம். முனைகளில் பெயின்ட் அல்லது மெழுகு பூசி, கட்டையை வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை நிலையாக நின்றால் அவர் சொன்னது சரி. வாராவாரம் குறைந்துகொண்டே வந்தால் உங்களுக்கு விற்றது பச்சை மரம். அதில் வில் செய்தால் இழுத்தபடியே வளைந்து நின்றுவிடும். கணுவுக்கு ‘மரம் என்றால் அப்படித்தான்’ சரியான பதில், ஈரத்துக்கு அல்ல. திருப்பித் தருவதற்கான கெடுவை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தராசின் படங்களோடு பணத்தைக் கேளுங்கள், கட்டையில் உளி வைப்பதற்கு முன்பு.