பாட்டியின் மறதியும் உங்கள் மகளின் விலகலும்

“பாட்டிக்கு என்னை யாரென்றே தெரியவில்லை” என்று உங்கள் 14 வயது மகள் அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டதாகவும், அவளுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் மகனும் தாத்தாவிடமிருந்து அப்படித்தான் விலகினான்.

முதலில் பாக்கோ ரோக்காவின் ‘ரிங்கிள்ஸ்’ சித்திர நாவலைக் கொடுங்கள். ஸ்பெயினில் 2007இல் வெளியானது, ஆங்கிலத்திலும் உண்டு. தொடக்கத்தில், முன்னாள் வங்கி மேலாளர் எமிலியோ எதிரில் இருப்பவர்களிடம் கடன் தர முடியாது என்று கறாராகச் சொல்கிறார். அவர்களோ அவரைச் சாப்பிடவைக்கப் பாடுபடும் மகனும் மருமகளும். அந்தப் பக்கத்தை விட்டு என் மகன் வெகுநேரம் நகரவில்லை. சில நாள் கழித்துத் தாத்தா அவனைத் தன் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தபோது, திருத்தாமல் “என்ன அண்ணா?” என்று கேட்டபடி அருகில் போய் உட்கார்ந்தான்.

எம்மா ஹீலியின் ‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’ (2014) நாவலில் மறதி கொண்ட மாட் என்ற மூதாட்டியே கதை சொல்கிறார். பையெல்லாம் அவர் தமக்கே எழுதிவைத்த சீட்டுகள். நல்ல நாவல், ஆனால் கொஞ்சம் கனமானது. முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள்.

மருத்துவ விளக்க நூல்களை இப்போது நீட்டாதீர்கள். அவளுக்கு வலிப்பது நோயைப் பற்றித் தெரியாததால் அல்ல, பாட்டி தன்னை மறந்துவிட்டாரே என்பதால். புத்தகத்தை அவள் மேசையில் வைத்துவிடுங்கள். படித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.