நாத்திகர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா திராவிடர் கழகத்துக்காரர். வீட்டில் தீபாவளி கிடையாது, பொங்கல் மட்டும்தான். என் கல்யாணமும் சுயமரியாதைத் திருமணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். அவர் நினைவாக நான் எடுத்து வந்தது அவருடைய மூக்குக்கண்ணாடியும் இரண்டு துண்டுகளும்.

மகளுக்கு ஏழு வயது, இங்கேயே பிறந்தவள். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரம் வைத்தே ஆகவேண்டும் என்கிறாள். பள்ளியில் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அவளுக்கு மேய்ப்பன் வேஷம். தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா பரிசு கொண்டுவருவாரா என்று தினமும் கேட்கிறாள்.

இத்தனை வருஷமும் கிறிஸ்துமஸ் அன்று நானே கேட்டு ஷிப்ட் வாங்கிக்கொள்வேன். பண்டிகையிலிருந்து தப்பித்துவிடலாம். பதிலுக்குப் புத்தாண்டுக்கு லீவு கிடைக்கும். அன்று நள்ளிரவு, தனியாக இருக்கும் கீழ்வீட்டுத் தாத்தா வீட்டுக்கு முதல் ஆளாகப் போய்விட்டு வருவேன். கறுத்த முடிக்காரன் முதலில் வாசல் மிதித்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது இந்த ஊர் வழக்கம். மற்றபடி எதிலும் கலந்துகொள்வதில்லை.

கடவுளை நம்பாத நான் வீட்டில் மரம் வைத்தால் அது போலித்தனம் இல்லையா? அப்பாவுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

செ.
கிளாஸ்கோ

அன்புள்ள செ.,

போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்ட கீழ்வீட்டுத் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தில் அந்த இரவை ஹாக்மனே என்பார்கள். பன்னிரண்டு மணி அடித்த பிறகு முதலில் உள்ளே வருகிறவர் கையில் ஒரு கரித்துண்டும் ஷார்ட்பிரெட்டும் கொஞ்சம் விஸ்கியும் கொண்டுவர வேண்டும். கணப்பு அணையக்கூடாது, சாப்பாட்டுக்குக் குறை வரக்கூடாது என்பதற்காக. தாளில் எழுதிப் பார்த்தால் இது அசல் சகுனம். பூனை குறுக்கே போனால் ஆகாது என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் போகிறீர்கள். ‘நான் பகுத்தறிவாளன், வரமாட்டேன்’ என்று ஒருமுறைகூட உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு கிழவர் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் போனால் அவர் முகம் மலரும். அதனால் போகிறீர்கள். நீங்கள் செய்வது முழுக்கச் சரி.

மகளுக்காக மரம் வைப்பதும் அப்படித்தான். தாத்தா வீட்டு வாசலில் வராத உறுத்தல் மரத்திடம் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தேன். அப்பாதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பாவைப் பற்றிப் பேசுவோம். என் பெரியப்பாவும் கறுப்புச் சட்டைக்காரர்தான். தை முதல் நாள் காலையில் அவர்தான் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைப்பார். பானைக்குப் பட்டை போட விடமாட்டார். ஆனால் மஞ்சள் கொத்தை அவரே வேரோடு கழுவி, இலை கிழியாமல் பானைக் கழுத்தில் கட்டுவார். பால் நுரைத்து ஏறும்போது பக்கத்திலேயே குந்தியிருப்பார். புகையில் கண்ணீர் வழியும், துடைக்க மாட்டார். வழிந்து ஓடுகிற அந்த நொடியில் தெருவிலேயே உரக்க ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்துகிற குரல் அவருடையது. ஒருதடவை பக்கத்து வீட்டு அத்தை, “சூரியனுக்குப் படைக்கலியாண்ணே?” என்று கேட்டாள். “அதுக்குக் கேக்காதும்மா. மாட்டுக்குப் பசிக்கும்” என்று சொல்லிவிட்டு இலையைத் தொழுவத்துக்கு எடுத்துப்போனார்.

பெரியார் இயக்கத்தார் தீபாவளியை ஒதுக்கியது கொண்டாட்டம் பிடிக்காமல் இல்லை. ஒருவனைக் கொன்றதைக் கொண்டாடச் சொல்லும் புராணக் கதை அது, கொல்லப்பட்ட அசுரன் நம் ஆள் என்பது அவர்கள் வாதம். பொங்கலை அவர்கள் தமிழர் திருநாளாகத் தூக்கிப் பிடித்ததற்கும் காரணம் இருந்தது. அதில் உழைப்பும் விளைச்சலும் மாடும் இருந்தன. அதற்குப் புரோகிதர் வேண்டியதில்லை. ஆக, ஒரு பண்டிகை என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்கிற வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். கிறிஸ்துமஸிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தங்க இடம் கிடைக்காத ஒரு ஏழைப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கிறது, அந்தச் செய்தி முதலில் மேய்ப்பர்களிடம் போகிறது. கதையாகவே எடுத்துக்கொண்டாலும் இதில் அப்பா முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் இருக்கும் ஊரின் கதையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் பாரம் குறையும். அங்கே கிறிஸ்துமஸைத் துரத்தியவர்கள் நாத்திகர்கள் இல்லை, பக்தர்கள். 1560இல் சீர்திருத்தச் சபை வந்த பிறகு, பைபிளில் இல்லாத பண்டிகை நமக்கு எதற்கு என்றார்கள். 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே ரத்து செய்தது. அது மறுபடி பொது விடுமுறை ஆனது 1958இல்தான். உங்கள் கீழ்வீட்டுத் தாத்தாவின் அப்பா கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஹாக்மனே அங்கே அவ்வளவு பெரிய கொண்டாட்டமாக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கதவைச் சாத்தினால் ஜனங்கள் இன்னொரு கதவைத் திறந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் காலனியிலும் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இந்தப் பண்டிகைக்கும் விசுவாசத்துக்கும் உள்ள முடிச்சு நாம் நினைக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்ததே இல்லை.

இன்னொன்று. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 51.1 சதவீதம் பேர் ‘மதம் இல்லை’ என்று குறித்திருக்கிறார்கள். 2011இல் அது 36.7 சதவீதம். உங்கள் தெருவில் எந்தெந்த ஜன்னலில் விளக்குத் தெரிகிறதோ அவற்றில் பாதிக்குப் பின்னால் உங்களைப் போன்ற ஒருவர் இருக்கலாம். அவர்கள் ஏன் விளக்குப் போடுகிறார்கள்? டிசம்பர் கடைசியில் அங்கே எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடுகிறது. நான் ஒரு டிசம்பரை அந்தப் பக்கம் கழித்திருக்கிறேன். நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரி மாதிரி இருக்கும். நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிர் வீட்டு ஜன்னலில் சின்னச் சின்ன பல்புகள் எரிவதைப் பார்த்தாலே மூச்சு லேசாகும். அதற்கு எந்த நம்பிக்கையும் தேவைப்படவில்லை.

‘கிறிஸ்துமஸே ரோமானியர்களின் சூரிய விழாவிலிருந்து திருடியது, அதனால் நாம் கொண்டாடலாம்’ என்று நம் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அதை நம்பி மரம் வாங்காதீர்கள். டிசம்பர் 25 எப்படி வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது, ரோமானிய நாட்காட்டியில் அந்தத் தேதி குளிர்கால சங்கிராந்தியாக, வருஷத்தின் மிகக் குறுகிய பகலாகக் கருதப்பட்டது என்பது. பிறகு நாட்காட்டிக் கணக்குப் பிசகி, உண்மையான குறுகிய பகல் டிசம்பர் 21, 22க்கு வந்து நின்றுவிட்டது. நம் தை ஒன்றுக்கும் இதுதான் நடந்தது. சுமார் 1700 வருஷத்துக்கு முன்னால் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் அது மகர ராசியில் நுழையும் நாளும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 வருஷத்துக்கு ஒரு பாகையாக இரண்டும் பிரிந்து, இன்று பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. இரண்டும் சூரியன் திரும்பியதற்கு மனிதர்கள் சந்தோஷப்பட்ட நாட்கள், இரண்டும் இடம் நகர்ந்துவிட்டன. பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் இரவு முழுக்கப் பேசியிருப்பார். மகளுக்குச் சொல்லிப் பாருங்கள். ஒரு ஆரஞ்சுப் பழமும் டார்ச்சும் போதும்.

அப்புறம் கிறிஸ்துமஸ் தாத்தா. விளையாட்டாக இருக்கும் வரை இருக்கட்டும். தினமும் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசு வேண்டும் என்று கேட்பது வேறு, கண்ணைப் பார்த்து “நிஜமாவே இருக்காரா அப்பா?” என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வி வரும் அன்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏழு வயதில் தாங்கிக்கொள்வாள், உங்கள் கட்சியில் சேர்ந்து மற்றவர்களுக்குப் பரிசு ஒளித்து வைக்கவும் வருவாள். ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று அவர் பட்டியல் எழுதுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும் என்று மிரட்டுவது. ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்’ என்பதன் குளிர்நாட்டு வடிவம் அது. நம் வீடுகளில் அந்தப் பயத்தை ஒழிக்க ஒரு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. அதை வேறு உடுப்பில் உள்ளே விடவேண்டாம்.

நீங்கள் போலித்தனம் என்று சொன்னதற்கு என் எல்லை இதுதான்: கையால் செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, வாயால் சொல்வதில் உண்டு. கேக் வெட்டுவேன், மரத்துக்கு விளக்குச் சுற்றுவேன், பாட்டுக் கேட்க தேவாலயத்துக்கும் போவேன். எல்லோரும் ஜெபம் சொல்லும்போது மரியாதையோடு எழுந்து நிற்பேன், உதடு அசைக்க மாட்டேன். நம்புகிறவர்களின் வார்த்தைக்கும் அதுதான் மதிப்பு என்று நினைக்கிறேன்.

ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் நீங்கள் எடுத்துக்கொண்ட ஷிப்டால் யாரோ ஒரு சக செவிலியர் தன் பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். நல்ல காரியம். ஆனால் ஓடி ஒளிவதற்காகச் செய்ததாக நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த ஒரு வருஷம் கேட்டு வாங்காதீர்கள். வீட்டில் இருங்கள். பதிலுக்குப் புத்தாண்டு இரவு வேலை விழுந்தால், காலையில் ஷிப்ட் முடிந்து நேராகக் கீழ்வீட்டுக்குப் போங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதுவரை வேறு யாரையும் உள்ளே விடாமல் அவர் காத்திருப்பார்.

நாடகத்துக்குத் துண்டு கேட்டிருக்கிறார்கள் இல்லையா? கடையில் வாங்கவேண்டாம். நீங்கள் தஞ்சைப் பக்கத்துக்காரர், பண்ணையார் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலத்தை அப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். அப்படி எடுக்க மாட்டோம் என்று நின்றவர்களின் இயக்கம் அவருடையது. ஊருக்கு வெளியே, குளிரில் ராத்திரிக் காவல் இருந்த மேய்ப்பன் தலைக்கு அந்தத் துண்டு பொருந்தும். ஏழு வயதுத் தலைக்குப் பெரிதாக இருக்கும், இரண்டாக மடித்துக் கட்டி, பின்னால் ஒரு ஊக்கு குத்திவிடுங்கள். முன்வரிசையில் இடம்பிடித்து உட்காருங்கள்.